அறிவுரை சொல்லாத கூட்டம்: பெற்றோர் குழு ஒன்றில் நான் கற்றவை

குடும்பத்தில் சிக்கல் வந்துவிட்ட பெற்றோருக்கு அறிவுரைக்குப் பஞ்சம் இருப்பதில்லை. உறவினர், அயலார், உடன் பணிபுரிவோர் என எல்லோரிடமும் ஒன்று தயாராக இருக்கும். அவற்றில் பாதி மறுபாதிக்கு முரணாகவும் இருக்கும். "கொஞ்சம் கண்டித்து வளர்த்திருக்கலாம்" என்பார் ஒருவர். "கண்டித்ததால்தான் இப்படி ஆயிற்று" என்பார் அடுத்தவர். என் மகன் பள்ளிக்குப் போக மறுத்து, எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் வாக்குவாதத்தோடு விடிந்த காலத்தில், நீண்ட மனச்சோர்விலிருந்து என் மனைவி மெல்ல மீண்டுகொண்டிருந்தார். அந்த நிலையில் பெற்றோர் குழு ஒன்றில் சேரும்படி எங்களுக்கு மனநல ஆலோசனை வழங்கிவந்த ஆற்றுப்படுத்துநர் சொன்னபோது, அறிவுரை சொல்ல இன்னும் சிலர் கிடைக்கப் போகிறார்கள் என்ற எண்ணமே எனக்கு வந்தது. ஆனால் அங்கே முதல் விதியாகச் சொல்லப்பட்டது, கேட்காதவருக்கு யாரும் யோசனை சொல்லக் கூடாது என்பதுதான்.

அந்தக் குழுவில் சில ஆண்டுகள் உறுப்பினனாக இருந்து, பின்னர் அதன் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவனாகவும் செயல்பட்ட அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். என் மகனைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லியிருக்கிறேன். சொல்லியிருப்பதையும் அவன் படித்துப் பார்த்து, இரண்டு வரிகளை நீக்கச் சொன்னான், நீக்கிவிட்டேன்.

எங்கள் கூட்டம் இரண்டு பகுதிகளாக நடக்கும். முதற்பகுதியில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் அந்த வாரம் நடந்ததைப் பேசுவார்கள். பேசுபவரின் நேரம் முடியும்வரை குறுக்கீடு இல்லை. முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் கேட்பது ஒரே கேள்விதான்: "நாங்கள் கேட்டுக்கொண்டால் போதுமா, எங்கள் அனுபவத்தையும் சொல்லட்டுமா?" போதும் என்று அவர் சொன்னால் அடுத்தவரின் முறை தொடங்கிவிடும். அனுபவத்தைக் கேட்டாலும், "நீங்கள் இப்படிச் செய்யுங்கள்" என்ற வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை. "எங்கள் வீட்டில் இதைச் செய்து பார்த்தோம், இன்னின்னது நடந்தது" என்றுதான் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றியது. சில வாரங்களில் அதன் பயன் புரிந்தது: யோசனை வந்து விழாது என்ற உறுதி இருக்கும் இடத்தில்தான் பெற்றோர் நடந்ததை நடந்தபடியே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் தம்மைத் தற்காத்துக்கொள்ளும் வகையில் கதையைத் திருத்திச் சொல்கிறார்கள்.

இரண்டாம் பகுதி பாடம். குழந்தைகளின் நடத்தை, வளரிளம் பருவம், கணவன் மனைவி கருத்து வேறுபாடு, கோபத்தைக் கையாளுதல் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, விளக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் அதைச் செய்து பார்ப்போம். இந்த இரண்டு பகுதிகளில் ஒன்று இல்லாவிட்டாலும் குழு நிலைப்பதில்லை என்பதே என் கருத்து. பாடம் மட்டும் நடக்கும் இடங்களில் பெற்றோர் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பிள்ளை கதவை அறைந்து சாத்தும்போது குறிப்பேடு கைகொடுப்பதில்லை. ஆறுதல் மட்டும் கிடைக்கும் இடங்களிலோ, பேச்சு நாளடைவில் புலம்பலாகத் தேய்ந்து, ஒவ்வொரு வாரமும் அதே கதை அதே இடத்தில் நிற்கிறது.

பாடங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, வீட்டுச் சண்டைகள் எவ்வாறு வழக்கமாகிப் போகின்றன என்பதற்கான விளக்கம். குடும்பங்களின் வீடுகளுக்கே பார்வையாளர்களை அனுப்பி, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அடுத்தடுத்துக் குறிக்கச் செய்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன். அவர் காட்டிய சங்கிலி எளிமையானது. கைபேசியை வைத்துவிடும்படி தாய் சொல்கிறார், குழந்தை முனகுகிறது. தாய் குரலை உயர்த்துகிறார், குழந்தை அலறுகிறது. களைத்துப்போன தாய் "என்னவோ செய்" என்று விட்டுவிட, அலறல் உடனே நிற்கிறது. அந்தக் கணத்தில் இருவருமே ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: அலறினால் நினைத்தது கிடைக்கும் என்று குழந்தையும், விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று தாயும். வேறொரு நாளில் தந்தை அதட்டியோ அடித்தோ பிள்ளையைப் பணிய வைக்கிறார். அடித்ததும் காரியம் முடிந்ததால் அடுத்த முறையும் கை தானாக ஓங்குகிறது. இப்படி ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பை மேலும் கடுமையாக நடந்துகொள்ளப் பழக்கிவிடுகிறது. இந்த விளக்கத்தைக் கேட்ட அன்று எங்கள் அறையில் பலருக்கு முகம் தெளிந்ததைக் கவனித்தேன். பிள்ளை கெட்டவனா, தாய் கையாலாகாதவரா என்ற கேள்விக்கே அதில் இடமில்லாமல் போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சங்கிலியை எங்கே அறுப்பது என்பது அடுத்த கேள்வி. சொல்வதைக் குறைத்து, சொன்னதில் நிற்பது என்பதே விடை. அது சொல்ல எளிது, செய்வது கடினம். இதுவரை பலன் தந்த ஓர் அடம் திடீரென்று பலன் தராமல் போனால் அது உடனே குறைவதில்லை. ஓய்வதற்கு முன் சில நாள் உச்சத்துக்குப் போகவும் கூடும். இதை முன்கூட்டியே அறியாத பெற்றோர், "இந்த வழியால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது" என்று முடிவுகட்டி, உச்சத்தின் நடுவில் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அதனால் பிள்ளை கற்றுக்கொள்வது, இவ்வளவு தூரம் போனால்தான் கிடைக்கும் என்பது. எனவே உச்சத்தைத் தாங்கும் வலு இப்போது வீட்டில் இல்லை என்றால், அந்த வாரம் தொடங்காமல் இருப்பதே நல்லது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. உடல்நலக் குறைவு, தேர்வு, வீடு மாறுதல், ஒருவர் வெளியூர் போயிருத்தல் போன்ற நாட்களில் புதிய விதி எதையும் கொண்டுவரக் கூடாது என்பதை நான் இன்றும் புதியவர்களிடம் வலியுறுத்துகிறேன்.

குழு என்ற ஒன்று ஏன் வேண்டும் என்பது இந்த இடத்தில்தான் விளங்கும். எங்களில் ஒவ்வொருவருக்கும் குழுவிலுள்ள மற்றொரு பெற்றோர் இணையாக இருப்பார். புதிய முறையைத் தொடங்கும் வாரத்தில் இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இணையை அழைத்து அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் தீர்வு சொல்லமாட்டார். "எதிர்பார்த்ததுதான், நாளைக்கும் அழையுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மறுநாள் ஒருவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம், பல பெற்றோரை அந்த உச்சத்தைக் கடக்க வைத்திருக்கிறது. புத்தகத்தாலோ காணொளியாலோ இதைச் செய்ய முடியாது.

ஆனால் எல்லா மறுப்பும் அடம் அல்ல. என் மகனின் விஷயத்தில் ஒருங்கிணைப்பாளர் கேட்ட கேள்விகள் எளியவை: மறுப்பதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது, அல்லது எதிலிருந்து தப்பிக்கிறான்? விடுமுறை நாள் காலையில் வயிற்றுவலி வருகிறதா? எந்தப் பாடம், எந்த இடைவேளை, எந்த வழி? பதில்களைக் குறித்துக்கொண்டு ஆற்றுப்படுத்துநரிடம் போனபோது, அது அச்சத்தால் வந்த மறுப்பு என்று தெரிந்தது. அச்சத்தால் விலகும் பிள்ளைக்கு, விலகிய கணத்தில் கிடைக்கும் நிம்மதியே மறுநாளும் விலகத் தூண்டும். அதே வேளையில், ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் அச்சம் பெருகும். ஆகவே சிறு சிறு படிகளாகத் திரும்புவதுதான் வழி: முதலில் வாயில்வரை, பிறகு நூலகத்தில் ஒரு மணி நேரம், பிறகு பிடித்த ஆசிரியரின் வகுப்பு மட்டும். பள்ளியில் ஒருவர் இதற்குப் பொறுப்பேற்காவிட்டால் இந்தத் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் நடத்தைகளுக்குக் காரணம் வெவ்வேறு என்பதால், அடுத்த வீட்டில் பலித்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அன்றே தெளிந்தேன்; யோசனை சொல்வதற்கு எங்கள் குழு இட்ட தடையின் ஆழமும் அப்போதுதான் புரிந்தது.

செய்து பார்ப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வில், ஏழு வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்கு நடத்தப்பட்ட பயிற்சிகள் பற்றிய 77 மதிப்பீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தையோடு இணக்கமாகப் பழகவும், உணர்வுகளைப் பேசவும், சொன்னதில் மாறாமல் நிற்கவும் கற்றுத்தந்த பயிற்சிகளில் கூடுதல் பலன் தெரிந்தது. அவற்றோடு, பயிற்சி நேரத்திலேயே பெற்றோர் தம் குழந்தையோடு அதைச் செய்து பார்த்ததும் பலனைக் கூட்டிய அம்சங்களில் ஒன்றாக இருந்தது. எங்கள் குழுவில் பிள்ளைகள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். கூட்டத்துக்கு அழைத்துவர முடியாது. எனவே ஒருவர் பெற்றோராகவும் மற்றவர் பிள்ளையாகவும் நடித்துப் பார்ப்போம். மிகவும் அடக்கமான ஒரு தாய், மகளின் வேடத்தில் அமர்ந்து எதிரில் இருந்தவரின் நீண்ட விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு தனக்கு எதுவும் காதில் விழவில்லை என்றும், எப்போது முடியும் என்று மட்டுமே தோன்றியது என்றும் சொன்னார். அவர் வீட்டில் அறிவுரைகளின் நீளம் அந்த வாரமே பாதியானது. தொடக்கத்தில் நடிப்பதற்குக் கூச்சமாக இருக்கும். ஒருங்கிணைப்பாளர் முதலில் நடித்துக் காட்டிவிட்டால், அதுவும் சற்று மோசமாக நடித்துவிட்டால், கூச்சம் போய்விடும்.

அப்படிப் பழகியவற்றில் நிலைத்தவை சில. அடுத்த அறையிலிருந்து கூவாமல், அருகில் போய், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை, செய்யக் கூடாததாக அல்லாமல் செய்ய வேண்டியதாகச் சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் காத்திருப்பது. "நல்ல பிள்ளை" என்று பொதுவாகப் பாராட்டாமல், "அழைத்ததும் எழுந்து வந்தாய்" என்று செய்ததைப் பெயரிட்டுப் பாராட்டுவது. நாளுக்குப் பத்து நிமிடம், பிள்ளை தேர்ந்தெடுத்த விளையாட்டிலோ பேச்சிலோ, கேள்வி கேட்காமலும் திருத்தாமலும் உடனிருப்பது. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் எளிது என்று எண்ணித் தொடங்குகிறார்கள். கேள்வி கேட்காமல் பத்து நிமிடம் இருப்பது எவ்வளவு கடினம் என்பது செய்தால்தான் தெரியும். பதின்பருவத்தினரிடம் முகத்துக்கு முகம் அமர்ந்து பேசுவதைவிட, சேர்ந்து நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேச்சு இயல்பாக வருகிறது என்பதைப் பலர் தம் அனுபவமாகச் சொன்னார்கள். என் வீட்டிலும் அப்படித்தான்.

அடிப்பதைப் பற்றிய விவாதம் எல்லாக் குழுவிலும் ஒருமுறையாவது சூடாக நடக்கும். உலகிலேயே முதலாவதாக, வீட்டிலும் குழந்தைகளை அடிக்கக் கூடாது என்று 1979-இல் சட்டம் இயற்றிய நாடு சுவீடன். சட்டத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பெற்றோருக்கான விளக்கக் கையேட்டை வீடுகளுக்கு அனுப்பினார்கள், பால் அட்டைப்பெட்டிகளின் மேலும் செய்தியை அச்சிட்டார்கள். அடிக்காதே என்று மட்டும் சொன்னால் பெற்றோரின் கையில் இருந்த ஒரு கருவியைப் பறித்ததாக மட்டுமே ஆகும். அதற்குப் பதில் எதைச் செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் அடித்ததாகச் சொல்பவரை யாரும் பழிப்பதில்லை. அடிப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில் என்னென்ன நடந்தன என்று கேட்டு, எந்த இடத்தில் வேறு வழி இருந்தது என்று அவரோடு சேர்ந்து தேடுவோம். பசி, தூக்கமின்மை, பணிநெருக்கடி, கணவன் மனைவி மனக்கசப்பு ஆகியவை அந்த அரை மணி நேரத்தில் அடிக்கடி தென்படும். ஆனால் பிள்ளைக்குக் காயம் ஏற்படும் நிலை என்றால் அது குழுவுக்குள் மூடிவைக்கும் செய்தி ஆகாது என்பதும் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லப்பட்டிருக்கும்.

உதவி தேடி வருவதை இயலாமை என்று எண்ணும் வழக்கம் ஆண்களிடம் அதிகம். எங்கள் கூட்டங்களில் பல மாதங்கள் நான் ஒருவனே ஆண். குழந்தையை வளர்ப்பதில் தாய் தந்தை இருவருக்கும் பொதுப் பொறுப்பு உண்டு என்றும், அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அரசுகள் அவர்களுக்கு உரிய உதவியைத் தர வேண்டும் என்றும் 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு கூறுகிறது. உதவி என்பது உரிமையின் பகுதி என்று இதைச் சொல்லி விளக்கியபோது, இரக்கத்தை ஏற்க மறுத்த சில தந்தையர் வந்தார்கள். பெரும்பாலோரை வரவழைத்தது வேறொன்று: கூட்டத்தைப் பணி முடிந்த நேரத்துக்கு மாற்றியதும், அழைப்பில் அவர்களின் பெயரையும் தனியே எழுதியதும்.

இரகசியம் காப்பது குறித்து இரண்டு விதிகள் வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதை எல்லாக் குழுக்களும் சொல்கின்றன. இரண்டாவது, பிள்ளையின் கதை பிள்ளைக்குச் சொந்தமானது என்பது. தாய் தன் களைப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்; மகளின் நாட்குறிப்பில் படித்ததைப் பேசக் கூடாது. பிள்ளைகள் ஒரே பள்ளியிலோ ஒரே தெருவிலோ இருக்க வாய்ப்புள்ளதால், பெயர், வகுப்பு, படம் எதுவும் வேண்டாம். குழுவின் கைபேசி அரட்டையில் கூட்ட நேரத்தைத் தவிர வேறெதையும் பகிர்வதில்லை என்று நாங்கள் கட்டுப்பாடு வைத்ததற்கும் அதுவே காரணம்.

குழுவால் முடியாதவையும் உண்டு. இதை முதலிலேயே சொல்லாத குழுவை நான் நம்பமாட்டேன். வீட்டில் ஒருவர் மற்றவரை அடித்தோ மிரட்டியோ அடக்கி வைத்திருக்கிறார் என்றால், இருவரையும் ஒரே வட்டத்தில் அமர்த்திப் பேசச் சொல்வது ஆபத்தானது. அங்கே பேசியதற்கான விலையைப் பாதிக்கப்பட்டவர் வீட்டில் கொடுக்க நேரிடலாம். அவருக்குத் தேவை பாதுகாப்புத் திட்டமும் அதற்கென்று உள்ள உதவி அமைப்பும். பிள்ளை வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஏதேனும் சொன்னால், அடுத்த கூட்டம்வரை காத்திருக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. கேட்டபின் தனியே விடாமல் உடனிருந்து, மருந்து, கூர்மையான பொருள் போன்றவற்றை எட்டாமல் வைத்து, அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும். வீட்டில் ஒருவரின் மதுப்பழக்கம்தான் சிக்கலின் வேர் என்றால், மது அருந்துபவரின் குடும்பத்தினருக்கென்றே 1951-இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் இயங்கும் அல்-அனான் போன்ற குழுக்கள் அவர்களுக்கு நெருக்கமாகப் பொருந்தும்.

புதிதாக ஒரு குழுவைத் தேடுபவர், சேர்வதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர் எங்கே பயிற்சி பெற்றார், இரகசிய விதி என்ன, எந்த நிலையில் வெளியுதவியை அழைப்பார், ஏதாவது பொருளையோ மருந்தையோ மதத்தையோ விற்கவோ பரப்பவோ செய்கிறார்களா என்பவை அவை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரே வழி தம்மிடம் இருக்கிறது என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. இரண்டு, மூன்று கூட்டங்களுக்குப் பிறகு பயனை அளக்க ஒரு எளிய வழி உண்டு: கூட்டத்திலிருந்து திரும்பும்போது வீட்டில் செய்து பார்க்க ஏதேனும் ஒன்று கையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அருகில் குழு இல்லாதவர்கள் தாமே தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பெற்றோருக்கான பயிற்சிகள் பற்றிய வழிகாட்டுதல்களை வெளியிட்டுள்ளது. அந்நிறுவனமும் யூனிசெஃபும் ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கி, தென்னாப்பிரிக்காவில் சோதித்துப் பார்த்த பெற்றோர் பயிற்சிக் கையேடுகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை என்றால் எல்லோருக்கும் பேச நேரம் இருக்கும். ஒருங்கிணைக்க இருவர் வேண்டும். ஒருவர் கலங்கி எழுந்து வெளியே போனால் அவரோடு போக ஆள் இருக்க வேண்டும் அல்லவா? சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லையென்றால், மிகவும் உதவி தேவைப்படுவோரே வரமுடியாமல் போவார்கள். அழைக்கத்தக்க மருத்துவர், ஆற்றுப்படுத்துநர், குழந்தைகள் பாதுகாப்பு உதவி எண் ஆகியவை அடங்கிய தாள் முதல் கூட்டத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அவ்வளவு பேர் சேரவில்லை என்றால் இரண்டு குடும்பங்களே போதும்: வாரம் ஒரு பாடம், அதைச் செய்து பார்த்தல், இரவில் ஓர் அழைப்பு. மூன்றாவது குடும்பம் சேரும் நாளில் மட்டும் மறக்காமல் விதிகளை மீண்டும் வாய்விட்டுப் படித்து, பழையவர்களிடமும் ஒப்புதல் பெற்றுக்கொண்டு தொடர வேண்டும்.